கழிவு நம்முடையது, மை யாருடையது?

சித்திரை முதல் நாள் புதுக்கணக்கு எழுதும்போது பேரேட்டின் முதல் பக்கத்தில் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, வரவு ஒன்றை எழுதிய பிறகுதான் வியாபாரத்தைத் தொடங்குகிறோம். நல்ல நேரம் பார்க்கிறோம். பேரேட்டின் அட்டையையும் தாளையும் தடவிப் பார்த்து வாங்குகிறோம். எந்த மையால் எழுதுகிறோம் என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. கல்லாவுக்குள் கைக்கு எது அகப்படுகிறதோ அதுவே கணக்குப் பேனா. அதுவும் பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனி ஆள் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனதாக இருக்கும்.

அரிசி விலை, பருப்பு விலை எழுத வேண்டிய இடத்தில் மையைப் பற்றி எதற்கு எழுதுகிறீர்கள் என்று உறுப்பினர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்த கையோடு ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். கையில் அழகான அட்டைப் பெட்டி. 'கழிவிலிருந்து தயாரித்த, சுற்றுச்சூழலுக்கு உகந்த எழுது மை' என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தது. உள்ளே சிறிய கண்ணாடிக் குப்பி. அந்த ஒரு குப்பியின் விலைக்கு ஒரு கடைக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய பேனாவை வாங்கிவிடலாம். ஏஜென்சி எடுப்பவர் முன்பணம் கட்ட வேண்டும், விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்.

எந்தக் கழிவு என்று கேட்டோம். "இயற்கைக் கழிவு" என்றார். எழுதினால் எத்தனை வருஷம் நிற்கும் என்றோம். "நம்பி வாங்குங்க அண்ணாச்சி" என்றார். தண்ணீர் பட்டால் கலையுமா என்ற கேள்விக்கு அந்தப் பதில்கூட இல்லை. ஆனாலும் நம்மில் இருவர் முன்பணம் கட்டினார்கள். ஒருவர் வாங்கிய சரக்கு இன்னும் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. மற்றவர் வாங்கிய குப்பிகளில் மூன்றாம் மாதமே பூஞ்சை படர்ந்துவிட்டது. பிரதிநிதியின் தொலைபேசி எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

இதை வைத்துக்கொண்டு, கழிவிலிருந்து மை என்பதே ஏமாற்று வேலை என்று நாம் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். நாம் சொல்ல வருவது அதற்கு நேர் எதிரானது. உலகத்தில் நிலைத்து நின்ற மைகள் எல்லாமே ஏறக்குறைய கழிவிலிருந்து வந்தவைதான். அவற்றுக்கு வேண்டிய பொருள்களில் பாதி நம் கடைச் சாக்குகளின் அடியில் உடைசலாகக் கிடக்கின்றன. அதைத் தெரிந்துகொள்ளாமல், நாம் கூட்டித் தள்ளியதையே பச்சை முத்திரை குத்தி நமக்குத் திருப்பி விற்க வருகிறவரிடம் முன்பணம் கட்டுகிறோமே என்பதுதான் நம் வருத்தம்.

இந்தக் காலத்தில் பெயர் வாங்கிய ஒன்றை முதலில் சொல்லிவிடுவோம். பெங்களூரில் கிராவிக்கி லேப்ஸ் என்ற நிறுவனம் வண்டிப் புகையிலிருந்து மை எடுத்தது. அனிருத் சர்மா என்ற இளைஞரின் யோசனை அது. டீசல் வண்டிகளின், ஜெனரேட்டர்களின் புகைக் குழாயில் ஒரு கருவியை மாட்டிக் கரியைப் பிடித்து, அதிலுள்ள நச்சுப் பொருள்களை நீக்கிச் சுத்தம் செய்து, எண்ணெயும் பிசினும் சேர்த்து அரைத்து மையாக்கினார்கள். ஏர் இங்க் என்று பெயர் வைத்து, 2017-ல் இணையத்தின் வழியே முன்பதிவு வாங்கி விற்றார்கள். 30 மில்லி மைக்கு ஒரு டீசல் கார் சுமார் 45 நிமிடம் விடுகிற புகை போதும் என்பது அவர்களே சொன்ன கணக்கு. சுவரில் படம் எழுதுகிறவர்கள் வாங்கிப் பாராட்டினார்கள். நல்ல வேலைதான், சந்தேகமில்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது கடை ஜெனரேட்டரின் புகைக் குழாயைச் சுரண்டி வீட்டிலேயே மை காய்ச்சக் கிளம்பிவிட வேண்டாம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. அந்தக் கரியைச் சுத்தம் செய்வது ஆய்வுக்கூடத்து வேலை, கொல்லைப்புறத்து வேலை அல்ல.

ஆனால் புகைக்கரியில் மை செய்வது பெங்களூரில் பிறந்த யோசனையும் அல்ல. விளக்கின் மேல் சட்டியைக் கவிழ்த்துக் கரி பிடித்து, பிசின் தண்ணீரில் குழைத்து மையாக்குவது நம் நாட்டிலும் சீனத்திலும் பல நூற்றாண்டுப் பழக்கம். பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து, கீறிய மாத்திரத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கரியை இலைச் சாற்றில் கலந்து ஓலை முழுக்கத் தேய்த்துத் துடைத்தால், கீறலில் மட்டும் கருப்பு தங்கி எழுத்து எழும்பி நிற்கும். தஞ்சை சரசுவதி மகாலில் இருக்கும் பழைய சுவடிகளை இன்றைக்கும் படிக்க முடிகிறதென்றால் அதில் அந்தக் கரிக்கும் பங்கு உண்டு. கரியை வெயில் ஒன்றும் செய்வதில்லை, தண்ணீர் கரைப்பதில்லை, காற்று வெளுப்பதில்லை. ஓலை அழிந்தால்தான் எழுத்து அழியும்.

நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது மற்றொரு மை. அது கடுக்காய் மை.

கடுக்காயை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொல்லிமலையிலிருந்தும் சவ்வாது மலையிலிருந்தும் வருகிற சரக்கு. நாட்டு மருந்துக்குப் போகிறது. செட்டிநாட்டு வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்த காலத்தில் மூட்டை மூட்டையாகப் போனது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடவும் போனது. தோலைப் பதமாக்குவது அதிலுள்ள துவர்ப்புச் சத்து. டானின் என்பார்கள். அதே துவர்ப்பு இரும்பு உப்போடு சேர்ந்தால் கருநீலமாகி, பிறகு கன்னங்கரேலென்று ஆகிறது. நெல்லிக்காய்ப் பொடியை இரும்புச் சட்டியில் ஊறவைத்துத் தலைக்குப் பூசுகிற வீட்டுப் பெண்களுக்கு இந்த ரசாயனம் எப்போதோ தெரியும்.

கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதியைக் கரைத்தால் மை. இவ்வளவுதான். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு, பச்சை நிறப் படிகம், நாட்டு மருந்துக் கடைகளில் கிடைப்பது. ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதிலாக ஓக் மரத்தில் பூச்சி குத்தியதால் உருளும் காய் போன்ற முடிச்சுகளைப் பயன்படுத்தினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அங்கே அரசர்களின் சாசனமும் வியாபாரிகளின் கணக்கும் அந்த மையில்தான் எழுதப்பட்டன. பிறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கு இங்கிலாந்தில் அண்மைக் காலம் வரை அந்த வகை மைதான். ஏன் தெரியுமா? எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் படப்படக் கருக்கும். தாளின் நாருக்குள் இறங்கி அங்கேயே கருப்பதால் தண்ணீரால் கழுவ முடியாது, அழிக்க வேண்டுமென்றால் தாளைச் சுரண்ட வேண்டும். சுரண்டினால் தெரிந்துவிடும். கணக்குப் புத்தகத்துக்கு இதைவிட வேறு என்ன தகுதி வேண்டும்?

விளம்பரத்தை நம்புவதைவிடச் செய்து பார்ப்பது நல்லது என்று சங்கத்தில் சிலர் முடிவு செய்தோம். மலைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர் கடுக்காய் மூட்டை பிரிக்கும்போது விழும் உடைசலையும் தூசியையும் ஒரு பை கொடுத்தார். அது விலை போகாத சரக்கு. பேருந்து நிலையத் தேநீர்க் கடையிலிருந்து ஒரு நாள் தேயிலைச் சக்கை வந்தது. பழரசக் கடையிலிருந்து மாதுளைத் தோல். வெங்காய மண்டியிலிருந்து சருகு, அதற்குப் பஞ்சமே இல்லை. காய்கறிக் கடையில் அழுகும் நிலையில் இருந்த பீட்ரூட் கொஞ்சம். ஒரு சகோதரர் தன் வீட்டுச் செம்பருத்திப் பூவையும் கொண்டுவந்தார். இப்படி எல்லாம் கூடியதும் சங்கக் கட்டடத்தின் பின்கட்டு சமையல் கூடம்போல ஆகிவிட்டது. காவலாளிக்குத்தான் எரிச்சல்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தண்ணீரில் ஊறவைத்து, பாதியாகச் சுண்டக் காய்ச்சி, துணியில் வடிகட்டினோம். கடுக்காய், தேயிலை, மாதுளை ஆகிய மூன்றிலும் அன்னபேதி சேர்த்தோம். மூன்றுமே கண்ணெதிரே கருத்தன. கடுக்காய் உடனே, மாதுளை அதற்கு அடுத்தபடி, தேயிலைச் சக்கை கொஞ்சம் சோம்பலாக. ஏற்கெனவே இறக்கிய சக்கைதானே, அதில் மிச்சமிருக்கும் துவர்ப்பு குறைவு. வெங்காயச் சருகு தேன் நிறத்தில் அழகாக வந்தது. பீட்ரூட்டின் நிறத்தைப் பார்த்தால் விழாப் பத்திரிகைக்கே அதில் எழுதலாம் போலிருந்தது.

எல்லாவற்றிலும் கருவேலம் பிசின் சிறிது கரைத்தோம். பிசின் இல்லாவிட்டால் மை தாளில் பரவி ஊறிவிடும். இங்கே ஒரு தவறு நடந்தது. முதல் நாள் அவசரத்தில் ஒருவர் பாதாம் பிசினைப் போட்டுவிட்டார். அது கரையாது, ஊதிக் கொழகொழவென்று நிற்கும். ஜிகர்தண்டாவுக்கு ஆகும், மைக்கு ஆகாது. அந்தப் பாத்திரத்தை அப்படியே கொட்டினோம்.

பிறகு ஒரே பேரேட்டுத் தாளில் வரிசையாக ஒவ்வொரு மையாலும் எழுதினோம். கடையில் விற்கும் நீல மை ஒன்று, சாதாரணப் பந்துமுனைப் பேனா ஒன்று, கூடவே அந்தப் பச்சைப் பெட்டிக் குப்பியின் மை. தாளைப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியைப் பீரோவுக்குள் வைத்தோம். மறு பாதியை மேற்குப் பார்த்த சன்னல் கண்ணாடியில் ஒட்டினோம். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாத வெயிலும் அதன் மேல் விழுந்தது.

பீட்ரூட் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. செம்பருத்தி சாம்பல் நிறமாகி மறைந்தது. வெங்காயச் சருகு மூன்று மாதத்தில் மங்கி, தெரிந்தவர்கள் மட்டும் படிக்கும்படி ஆனது. பச்சைப் பெட்டியின் மையும் ஏறக்குறைய அந்த வழியே போனது. அதில் என்ன கலந்திருந்தார்களோ, கடையில் விற்கும் நீல மையைவிட முன்னதாக வெளுத்தது. பந்துமுனைப் பேனாவின் எழுத்து வெளிறியது, போகவில்லை. தேயிலை மையும் மாதுளை மையும் பழுப்பேறி நின்றன. கடுக்காய் மை சற்றே பழுப்புச் சாயலோடு, படிக்க ஒரு சிரமமும் இல்லாமல் நின்றது. தாளைக் கிழித்து அரைமணி நேரம் தண்ணீரில் போட்டும் பார்த்தோம். நீல மை கரைந்து ஓடிவிட்டது. கடுக்காய் எழுத்து அசையவில்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. அன்னபேதி கூடிவிட்டால் மை தாளையே அரிக்கும். ஐரோப்பாவின் பழைய ஏடுகளில் எழுத்து இருந்த இடம் உதிர்ந்து ஓட்டையாகிப் போனதெல்லாம் இந்தக் குறையால்தான். எடையில் மூன்று பங்கு கடுக்காய்க்கு ஒரு பங்குக்கு மேல் அன்னபேதி போகவே கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. வெளியே திறந்து கிடந்து துருநிறமேறிய பழைய அன்னபேதியை வாங்காதீர்கள். மயில்துத்தத்தை அன்னபேதி என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். மயில்துத்தம் நீலம், இது வெளிர் பச்சை. இரண்டையுமே குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். இயற்கை என்று எழுதிவிட்டால் தீங்கில்லை என்று அர்த்தமாகிவிடாது. அரளி விதையும் இயற்கைதான்.

பூஞ்சையும் ஒரு தொல்லை. காய்ச்சிய மையில் நாலைந்து கிராம்பைத் தட்டிப் போட்டு வைப்பது பழைய வழக்கம். நாங்களும் போட்டோம், போடாத குப்பியில் மட்டும் படர்ந்தது. இன்னொன்று, இந்த மையை விலை உயர்ந்த ஊற்றுப் பேனாவில் ஊற்றினால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும், நிப்பும் அரிபடும். தொட்டு எழுதும் பேனாவுக்கே இது ஏற்றது.

இந்தக் காலத்தில் யார் தொட்டு எழுதப்போகிறார்கள், எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டதே என்பீர்கள். ஆகட்டும். ஆனால் நமக்கு நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நம் உறுப்பினர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முந்தைய கொள்முதலுக்கு விளக்கம் கேட்டு நோட்டீசு வந்தது. மனிதர் ஒழுங்கானவர். ஒவ்வொரு பில்லையும் தேதிவாரியாகக் கட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடை மாடியில் தகரக் கூரையின் கீழ் வைத்திருந்தார். கட்டைப் பிரித்தபோது பாதிக்கு மேல் வெற்றுத் தாள். எல்லாம் சிறு இயந்திரத்தில் அடித்த தெர்மல் ரோல் பில்கள். அந்தத் தாளில் மையே கிடையாது. தாளின் மேல் பூசிய ரசாயனம் சூடு பட்டுக் கருப்பதுதான் எழுத்தாகத் தெரிகிறது. அதே சூடும் வெளிச்சமும் எண்ணெய்க் கையும் பிளாஸ்டிக் உறையும் பட்டால் அது போய்விடும். நம் கடைகளில் இந்த நான்கில் எதற்குக் குறைவு?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும் என்கிறது. கொள்முதல் பில் கையில் இருந்தால்தான் இன்புட் வரியை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் சட்டம். ஆறு வருடம் வைத்திருக்கச் சொல்லும் சட்டம் ஒரு பக்கம், இரண்டு கோடைகூடத் தாங்காத தாள் மறு பக்கம். இடையில் அகப்பட்டவர் வியாபாரி. அந்த உறுப்பினர் விற்றவர்களிடம் எல்லாம் நகல் கேட்டு ஊர் ஊராக அலைந்தார். ஒரு கடை மூடியே போயிருந்தது. அந்தத் தொகையை வட்டியோடு கட்டிவிட்டு வந்து சங்கத்தில் உட்கார்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது.

அவரிடம் கையால் எழுதிய கொள்முதல் நோட்டு ஒன்றும் இருந்தது. சில பக்கங்கள் மழை நீர் இறங்கி நீலத் திட்டாகிக் கிடந்தன. நோட்டு பில்லுக்கு ஈடாகாதுதான். ஆனால் எந்தத் தேதியில் யாரிடம் எந்த எண் பில்லுக்கு வாங்கினோம் என்பது அதில் தெளிவாக இருந்திருந்தால் நகல் தேடுவது பாதி வேலையாகியிருக்கும் என்றார் அவருடைய ஆடிட்டர். மை என்பது சில்லறை விஷயம் என்று அன்றைக்கு முன்பு நாமும் நினைத்திருந்தோம்.

ஆகவே நம் கருத்து இது. கழிவு மையை வாங்குவதோ விற்பதோ அவரவர் விருப்பம். ஆனால் பச்சை எழுத்தை வைத்து மதிப்புப் போடாமல், சன்னலை வைத்து மதிப்புப் போடுங்கள். விற்க வருகிறவரிடம் எந்தக் கழிவு, நிறம் கரியிலிருந்தா இரும்பிலிருந்தா பூவிலிருந்தா என்று கேளுங்கள். கரி என்றாலும் இரும்பு என்றாலும் கணக்குக்கு ஆகும். பூ, காய், சருகு என்றால் பிள்ளைகள் படம் வரையவும் வாழ்த்து அட்டை எழுதவும் ஆகும், அதற்கென்று சொல்லி அதற்கான விலைக்கு விற்கலாம், தவறில்லை. எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். மாதிரிக் குப்பி ஒன்றை வாங்கி ஒரு கோடைக்காலம் சன்னலில் ஒட்டிய பிறகு ஆர்டர் கொடுங்கள். அவசரப்படுகிற கம்பெனியின் மை அவசரமாகவே வெளுக்கும் என்பது எங்கள் அனுபவம்.

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் துணிப்பையிலோ காகிதப் பையிலோ கடைப் பெயரை இந்த வீட்டு மையால் முத்திரை குத்தலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். உணவுப் பொருள் படும் பைக்கு வேண்டாம். உணவுப் பொதியில் அச்சிடும் மை ஐ.எஸ். 15495 தரத்தில் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுப் பொதி விதிகள் சொல்கின்றன. செய்தித்தாளில் வடை மடிக்கக் கூடாது என்று சொல்வதும் அதே விதிகள்தான்.

பேனாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 தடை செய்யப்பட்டன. 2022 சூலை 1 முதல் நாடு முழுவதும் இன்னொரு பட்டியல் வந்தது. பை வைத்திருந்ததற்காக அபராதம் கட்டியவர்கள் நம்மில் பலர். இரண்டு பட்டியலிலும், எழுதித் தீர்ந்ததும் தூக்கி எறியும் பேனா இல்லை. அதையும் தடை செய்யுங்கள் என்று நாம் கேட்கப்போவதில்லை. தடை வந்தால் முதலில் அகப்படுவது தயாரிக்கிறவர் அல்ல, பெட்டிக் கடைக்காரர் என்பது நமக்குத் தெரியும். ஆனால் ரீபிலும் மைப்புட்டியும் கேட்டு வருகிற பிள்ளையிடம் "அதெல்லாம் இப்ப வர்றதில்லை, அஞ்சு ரூபா பேனா இருக்கு, எடுத்துக்க" என்று சொல்வது நாம்தான். ஒரு காலத்தில் பேனாவுக்கு மை ஊற்ற ஐந்து பைசா வாங்கினோம். பள்ளி விட்டதும் கடை வாசலில் வரிசை நிற்கும். மை ஊற்ற வந்த பிள்ளை கடலை மிட்டாயும் வாங்கிப் போகும். அந்த வியாபாரத்தை விட்டதில் நமக்கு என்ன லாபம் என்று கணக்குப் பார்த்தவர் உண்டா?

மை செய்வதும் நமக்கு எட்டாத தொழில் அல்ல. 1931-ல் மும்பையில் தாண்டேகர் சகோதரர்கள் தொடங்கிய மைப்பொடி வியாபாரம்தான் பிறகு கேம்லின் ஆனது. சுதேசி மை வேண்டும் என்று 1934-ல் வங்காளத்தில் தொடங்கியது சுலேகா. இன்றைக்கு நம் ஊரில் மகளிர் குழுக்கள் ஊதுபத்தி உருட்டுகிறார்கள், மசாலாப் பொடி அரைக்கிறார்கள். கடுக்காய் உடைசல் நம்மிடம் இருக்கிறது, மாதுளைத் தோல் பழக்கடையில் இருக்கிறது. சென்னையில் கடுக்காயும் அன்னபேதியும் விற்கும் இராசப்பச் செட்டி தெருவிலிருந்து தாள் விற்கும் ஆண்டர்சன் தெருவுக்கு நடந்தே போய்விடலாம். சரக்கும் சந்தையும் அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன. ஒரு குழு முன்வந்தால் மூலப்பொருளைச் சங்கம் இலவசமாகத் திரட்டிக் கொடுக்கும். தேவையான உரிமங்களுக்கும் சங்கம் துணை நிற்கும். குப்பியைத் திருப்பிக் கொடுத்தால் விலையில் கழிவு என்று வைத்தால் கண்ணாடியும் குப்பைக்குப் போகாது. சோடாப் புட்டி வியாபாரம் செய்த பழக்கம் நமக்கு உண்டு.

அதுவரை உறுப்பினர்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று. தெர்மல் ரோலில் வரும் ஒவ்வொரு கொள்முதல் பில்லையும் வந்த அன்றே நகல் எடுத்து வையுங்கள். பில் எண், தேதி, விற்றவரின் ஜி.எஸ்.டி. எண், தொகை, வரி ஆகியவற்றைக் கொள்முதல் நோட்டில் அழியாத மையால் கையால் எழுதுங்கள். தவறானால் அழிக்காமல், மேலே எழுதாமல், ஒரு கோடு கிழித்துச் சான்றொப்பம் இடுங்கள். விதியும் அப்படித்தான் சொல்கிறது.

சன்னலில் மூன்று மாதம் இருந்த தாளும் பீரோவில் இருந்த மறு பாதியும் சங்க அலுவலகத் தகவல் பலகையில் பக்கத்துப் பக்கமாக ஒட்டப்பட்டிருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் வந்து பார்க்கலாம். கடுக்காய் மை ஒரு ஜாடி மீதம் இருக்கிறது. வேண்டுவோர் குப்பி கொண்டுவந்தால் ஊற்றித் தரப்படும். பணம் வேண்டாம், நிப்புப் பேனாவை மட்டும் அவரவரே கொண்டுவர வேண்டும்.